எங்கள் ஊர்த் தெருவும் ஒரு புகைப்படக் கருவியும்

"ஆத்தூர்" என்று சொன்னவுடன், "எந்த ஆத்தூர்?" என்ற கேள்விதான் முதலில் வரும். சேலம் மாவட்டத்தில் ஓர் ஆத்தூர் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்திலும் ஓர் ஆத்தூர் உண்டு. எங்களுடையது திண்டுக்கல் ஆத்தூர். செம்பட்டியை அடுத்த ஆத்தூர். ஆற்றங்கரை ஊர் ஆற்றூர் ஆகி, ஆற்றூர் பேச்சு வழக்கில் ஆத்தூர் ஆயிற்று என்பார்கள். அதற்கேற்பக் குடகனாறு எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. மேற்கே கீழ்ப்பழனி மலை. அதன் அடிவாரத்தில் காமராசர் நீர்த்தேக்கம். திண்டுக்கல் நகரத்தார் குடிக்கும் தண்ணீரில் எங்கள் அணைத் தண்ணீரும் உண்டு என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்குச் சற்றுப் பெருமைதான்.

புகைப்படக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வருகிறவர்களும் உண்டு. அவர்கள் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, தேநீர் குடித்துவிட்டு, நேரே அணைக்குப் போய்விடுவார்கள். நீரில் தலைகீழாகத் தெரியும் மலை, கரையில் நிற்கும் நாரை, மாலைச் சூரியன் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். சென்ற ஆண்டு வகுப்பில், "உங்கள் ஊரைக் காட்டும் படம் ஒன்று கொண்டு வாருங்கள்" என்று எங்கள் வகுப்பாசிரியையான அருட்சகோதரி சொன்னபோது, ஆத்தூர்ப் பேருந்தில் வரும் மாணவியர் அனைவரும் அணையின் படத்தையே கொண்டுவந்தோம். அவர் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பிப் பார்த்துவிட்டு, "மிக அழகாக இருக்கிறது. இந்த ஊரில் மனிதர்கள் குடியிருக்கிறார்களா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. ஆனால் வீடு திரும்பும் பேருந்தில் எங்கள் மூவருக்கும் அந்தக் கேள்வியே பேச்சாயிற்று. அணை ஊருக்குப் பெருமை சேர்க்கலாம். ஆனால் நாள்தோறும் ஊரை எழுப்பி, பெருக்கி, பால் ஊற்றி, பூக் கட்டி நடத்துகிறவர்கள் தெருவில் அல்லவா இருக்கிறார்கள்! அவர்களுடைய படம் எங்கே?

தெருவையும் தெருவில் நடமாடும் மக்களையும் உள்ளபடி எடுப்பதைத் தெருப் புகைப்படக் கலை என்கிறார்கள். இது இன்று நேற்றுத் தோன்றியது அன்று. 1838ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் தாகேர் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒரு மாடிச் சன்னலிலிருந்து அகலமான ஒரு வீதியைப் படம் எடுத்தார். அந்தக் காலத்தில் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆகும். ஆகவே வீதியில் விரைந்து சென்ற வண்டிகளும் குதிரைகளும் மனிதர்களும் படத்தில் விழவே இல்லை. பட்டப்பகலில் வீதி வெறிச்சோடிக் கிடப்பது போல் தெரிகிறது. ஓரத்தில் இருவர் மட்டும் தெரிகிறார்கள். ஒருவர் செருப்புக்கு மெருகு போடச் சொல்லி நின்றவர். மற்றவர் குனிந்து மெருகு போட்ட தொழிலாளி. மனிதர் தெரியும் மிகப் பழைய புகைப்படம் அதுவே என்கிறார்கள். கனவான்களின் வண்டிகளெல்லாம் மறைந்துபோக, தெருவோரத்தில் உழைத்தவர் நிலைத்துவிட்டார் என்பதைப் படித்தபோது எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது.

அதே பாரிஸ் நகரில் பிற்காலத்தில் அத்ஜே என்பவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், கனமான பெட்டிக் கருவியையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு, அதிகாலை வேளைகளில் தெருத் தெருவாக நடந்தார். பழைய கடைகள், சந்துகள், தெருவில் கூவி விற்பவர்கள் என்று எடுத்து வைத்தார். 1927இல் அவர் காலமானார். அவர் எடுத்த இடங்களுள் பல பிற்பாடு அடையாளம் தெரியாமல் மாறிவிட்டன. படங்கள் மட்டும் இருக்கின்றன. நம் நாட்டிலோ, சேலை கட்டிக்கொண்டு, மிதிவண்டியில் கருவியைச் சுமந்து டில்லித் தெருக்களில் சென்று படம் எடுத்தார் ஹோமாய் வியாரவாலா அம்மையார். 1913இல் பிறந்த இவரே இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். 2011இல் பத்மவிபூஷண் விருது பெற்று, 2012இல் மறைந்தார். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று வீட்டில் கேட்டபோதெல்லாம் இந்த அம்மையாரின் பெயர் எங்களுக்குக் கைகொடுத்தது.

கேட்கத்தான் செய்தார்கள். விடியுமுன் மூன்று பெண்பிள்ளைகள் தெருவில் நின்று படம் எடுப்பதா? ஊர் என்ன சொல்லும்? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்னாவது? பெற்றோரின் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. இறுதியில் எங்களில் ஒருத்தியின் அப்பத்தா வழி செய்தார். "நான் எப்படியும் விடியக்காலம் எந்திரிச்சுக் கடைத்தெருவுக்குப் போறவதான். எங்கூட வரட்டும்" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. சனிக்கிழமை மட்டும், அதிகாலை ஐந்தரை முதல் ஏழு மணி வரை மட்டும், அப்பத்தாவின் கண்பார்வையில் மட்டும் என்று உடன்பாடு ஆயிற்று.

கருவி கொடுத்தவர் எங்களில் மற்றொருத்தியின் தாய்மாமா. சின்னாளபட்டியில் முன்பு ஸ்டுடியோ வைத்திருந்தவர். தம்மிடம் இருந்த பழைய டிஜிட்டல் கேமராவைத் துடைத்துக் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் கொடுத்தார். "எங்க காலத்துல ஒரு ரோல்ல முப்பத்தாறு படம்தான். ஒவ்வொண்ணுக்கும் காசு. அதனால யோசிச்சு எடுப்போம். நீங்களும் ஒரு நாளைக்கு முப்பத்தாறுக்கு மேல எடுக்கக் கூடாது" என்றார். முதலில் இது எங்களுக்குக் கருமித்தனமாகப் பட்டது. பிறகே இதன் பயன் தெரிந்தது. மூவருக்கும் சேர்த்து முப்பத்தாறு என்றால் ஆளுக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டே படம் என்னும்போது கண் தானாகவே கூர்மையாகிறது. எதை எடுப்பது என்பதைவிட எதை விடுவது என்பதே பெரிய பாடமாகிறது.

மாமா இரண்டாவதாகச் சொன்னது, "ஊரு பூராத்தையும் எடுக்கப் போனா ஒண்ணையும் எடுக்க மாட்டீங்க. ஒரு கேள்வி வச்சுக்குங்க" என்பது. நாங்கள் மூவரும் கூடிப் பேசி ஒரு கேள்வியைத் தேர்ந்தோம். "விடிவதற்குள் எங்கள் தெருவுக்கு வந்து ஊரை எழுப்புகிறவர்கள் யார்?" என்பதே அது. இடம், பேருந்து நிறுத்தத்திலிருந்து எங்கள் தெரு முனை வரை. அதற்கு அப்பால் எவ்வளவு அழகான காட்சி தென்பட்டாலும் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

தோழியரே, தினமும் கண்ணால் காணும் தெருவை ஒரே இடத்தில் நின்று பார்த்துப் பாருங்கள். அது வேறு தெருவாகத் தோன்றும். நாங்கள் கண்ட முதல் அதிசயம் வெளிச்சம். சூரியன் கிழக்கே சிறுமலைப் பக்கம் எழுந்தாலும், வெயில் முதலில் படுவது மேற்கே மலை முகட்டில்தான். முகடு சிவந்து, பிறகு தென்னை உச்சிகளில் இறங்கி, அப்புறம் மொட்டை மாடிகளைத் தொட்டு, கடைசியாகத்தான் தெருவுக்கு வருகிறது. ஜூன் மாதத்தில் ஆறு மணிக்கே வந்த சூரியன், டிசம்பரில் ஆறரை வரை காக்க வைத்தது. தெருவுக்கு வெயில் வருவதற்குள் தெருவில் பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பதையும் அப்போதுதான் அறிந்தோம்.

இருட்டில் படம் எடுப்பது எளிதன்று. கருவியின் கண் அதிகம் திறந்து, அதிக நேரம் திறந்திருந்தால்தான் போதிய ஒளி உள்ளே விழும். ஆனால் அதிக நேரம் திறந்திருந்தால் நடப்பவர் எல்லாம் புகை போலக் கலைந்துவிடுவார். தேநீர்க் கடை அண்ணன் இதற்கு எங்களுக்கு நல்ல ஆசிரியராக அமைந்தார். அவர் தேநீரை ஆற்றும்போது ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் வைத்து எடுத்தால் துளித்துளியாகத் தெரிகிறது. பதினைந்தில் ஒரு பங்கு வைத்து எடுத்தால் பட்டு நூல் போல் ஒரே இழையாகத் தெரிகிறது. இரண்டையும் அவரிடம் காட்டி, "அண்ணே, எது உங்க டீ?" என்று கேட்டோம். அவர் இழையைக் காட்டி, "இதுதான். துளியாத் தெரிஞ்சா வெளிய சிந்துதுன்னு முதலாளி நெனைப்பாரு" என்றார். சிறந்த படம் எது என்பதைப் படத்தில் உள்ளவரிடமும் கேட்கலாம் என்று எங்களுக்கு முதன்முதலில் தோன்றியது அன்றுதான்.

வாரம் ஒன்று கூடக் கூட முகங்களும் கூடின. மிதிவண்டியின் இருபுறமும் பால் கேன் தொங்க வருபவர், தோட்டத்திலிருந்து மல்லிகை மூட்டையை இருசக்கர வண்டியில் ஏற்றிப் பூச் சந்தைக்குப் பறப்பவர், தூக்குவாளியோடு நடவுக்குப் போக வண்டிக்குக் காத்து நிற்கும் பெண்கள், ஒட்டன்சத்திரம் சந்தைக் காய்கறியை இறக்கும் சிறுவயது அண்ணன், முதல் பேருந்தின் நடத்துநர், பச்சை மூன்றுசக்கர வண்டியைத் தள்ளிவரும் தூய்மைக் காவலரான அக்கா, கோவில் வாசலில் பூக் கட்டும் பாட்டி. நான்கைந்து வாரத்தில் எங்களைப் பார்த்து யாரும் ஒதுங்கவில்லை. "என்ன தாயி, இன்னைக்கு லேட்டு?" என்று எங்களைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

இங்கேதான் எங்கள் மூவருக்குள்ளும் பெரிய வாக்குவாதம் தொடங்கியது. கேட்டுவிட்டு எடுப்பதா, கேட்காமல் எடுப்பதா?

கேட்டால் மனிதர்கள் விறைத்து நிற்கிறார்கள். சட்டையை இழுத்துவிட்டு, சிரிப்பை விழுங்கி, குடும்ப அட்டைக்கு நிற்பது போல் நிற்கிறார்கள். கேட்காமல் எடுத்தால் உயிரோட்டம் இருக்கிறது. பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரசோன், தம் கருவியின் பளபளப்பான பகுதிகளில் கறுப்பு நாடா ஒட்டி, பிறர் கண்ணில் படாமல் எடுப்பாராம். 1950 ஏப்ரலில் இரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலைக்கே வந்து படம் எடுத்தவர் அவர். "அத்தகைய மேதை கேட்டாரா?" என்றாள் எங்களில் ஒருத்தி.

மற்றொருத்தி அமெரிக்காவின் கதை ஒன்றைச் சொன்னாள். 1936இல் டாரதியா லாங்கே என்னும் அம்மையார், கலிபோர்னியாவில் வேலை தேடி வந்த ஓர் ஏழைத் தாயைக் கூடாரத்தில் குழந்தைகளோடு படம் எடுத்தார். உலகம் முழுதும் பரவிய படம் அது. நல்ல நோக்கத்தோடுதான் எடுத்தார். அந்தப் படம் வெளிவந்தபின் அம்முகாமுக்கு உணவும் வந்தது. ஆனால் அந்தத் தாயின் பெயரை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. நாற்பதாண்டுகளுக்கும் மேல் கழித்து, 1978இல்தான் அவர் பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியுலகுக்குத் தெரிந்தது. அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றும், அதனால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றும் அவர் வருந்திச் சொன்னார். உலகமே அறிந்த முகம். அந்த முகத்துக்கு உரியவருக்கோ அதில் பங்கில்லை!

இவ்விரு வழிகளுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறதா என்று தேடியபோது, அது தொலைவில் இல்லை, மதுரையிலேயே இருப்பதை அறிந்தோம். மதுரையை அடுத்த சவகர்லால்புரத்தைச் சேர்ந்தவர் புகைப்படக் கலைஞர் எம். பழனிக்குமார். அவருடைய தாயார் மதுரைக் கரிமேட்டுச் சந்தையில் மீன் விற்றவர். பொறியியல் படித்த பழனிக்குமார் 2013இல் கடன் பணத்தில் ஒரு கேமரா வாங்கினார். தம் தாயையும், தாயைப் போல் உழைக்கும் பெண்களையும், தம்மைச் சுற்றி வாழ்ந்தவர்களையும் எடுத்தார். "கக்கூஸ்" என்னும் 2017ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் ஒளிப்பதிவாளராகப் பணியாற்றினார். துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வைப் பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தார். பத்திரிகையாளர் சாய்நாத் 2014இல் தொடங்கிய "பாரி" இணைய இதழில் இவர் படங்கள் வெளிவந்திருக்கின்றன. தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது 2022இல் முதன்முதலாக இவருக்கே கிடைத்தது. எல்லாவற்றையும்விட எங்களைக் கவர்ந்தது, உழைப்பாளிகளின் பிள்ளைகளுக்கு இவரே படம் எடுக்கச் சொல்லிக் கொடுக்கிறார் என்பது. படம் எடுப்பவர் ஒரு பக்கம், எடுக்கப்படுபவர் ஒரு பக்கம் என்று இல்லாமல், கருவியையே அந்தப் பக்கம் கொடுத்துவிட்டார்!

இதிலிருந்து நாங்கள் எங்களுக்கு மூன்று விதிகள் வகுத்துக்கொண்டோம். முதலாவது, எடுத்த படத்தை அன்றைக்கே அவரிடம் காட்டிச் சம்மதம் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அவர் முன்னிலையிலேயே அழித்துவிட வேண்டும். இரண்டாவது, எந்தப் படமும் யாருடைய கைப்பேசிக்கும் போகக் கூடாது. மூன்றாவது, தேர்ந்தெடுத்த படத்தின் ஓர் அச்சுப் பிரதி முதலில் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். பிறகுதான் மற்றவர் பார்வைக்கு. விதி வகுப்பது எளிது. அதற்கு விலை கொடுக்க வேண்டிய நாளும் வந்தது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. முந்தின இரவு தூறி, விடியலில் விட்டிருந்தது. தூய்மைக் காவலரான அக்கா தெருவின் கடைக்கோடியில் பெருக்கிக்கொண்டிருந்தார். வெயில் அப்போதுதான் தெருவுக்குள் இறங்கியது. சருகும் ஆவியும் ஒளியில் எழும்ப, அவர் துடைப்பத்தை வீசிய கோலம் அப்படியே படத்தில் விழுந்துவிட்டது. முகம் தெரியவில்லை, உருவம் மட்டும் கருமையாக, சுற்றிலும் பொன்னிறம். அத்தனை வாரத்தில் அது போன்ற படம் எங்களுக்கு அமையவே இல்லை. அன்று மாலை மாமா ஊருக்கு வந்தார். பார்த்தவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "இதை மாணவர் போட்டிக்கு அனுப்புங்க. பரிசு வரும்" என்றார். பெருக்கி முடித்த கையோடு அக்கா காலையில் வேறு தெருவுக்குப் போய்விட்டதால், அதை அவரிடம் காட்டியிருக்கவில்லை. மாமாவின் சொல் காதில் இருக்கும்போதே அவர் வீட்டுக்குப் போனோம்.

அக்கா படத்தை வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா வேணாம் பாப்பா" என்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "எம் மக ஒங்களாட்டம்தான் பள்ளிக்கூடம் போகுது. அங்க யாராச்சும் பாத்துட்டு ஒங்கம்மா குப்பை கூட்டுற படம்னு சொல்லிப்புட்டா?"

வெளியே வந்து எங்களுக்குள் பேசினோம். "முகமே தெரியவில்லையே, யாருக்குத் தெரியும்?" என்றாள் ஒருத்தி. "முகம் தெரியாவிட்டால் என்ன? துடைப்பம் தெரிகிறதே! இந்த ஊரில் அந்தத் துடைப்பம் யார் கையில் இருக்கிறது என்று தெரியாதவர் உண்டா?" என்றாள் இன்னொருத்தி. "உழைப்பு இழிவில்லை, அதைக் காட்டுவதில் என்ன தவறு?" என்ற கேள்வியும் எழுந்தது. நல்ல கேள்விதான். ஆனால் இழிவில்லை என்று சொல்வது எங்களுக்கு எளிது. அந்தச் சொல்லின் சுமையைத் தாங்க வேண்டியவள் பள்ளிக்குப் போகும் ஒரு சிறுமி. உழைப்பைப் பழிக்கிறவர்கள் திருந்தும்வரை அவள் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டுமா? அப்பத்தா எங்கள் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. "அவ மூஞ்சி, அவ சொல்றது" என்றதோடு சரி. திரும்ப உள்ளே போய், அக்காவின் கண்முன்னே அந்தப் படத்தை அழித்தோம். மனம் வலித்தது என்பதை மறைப்பானேன்? எங்களில் ஒருத்தி அன்று இரவு சாப்பிடவில்லை.

மூன்று வாரம் கழித்து, தேநீர்க் கடையருகே அக்காவே எங்களிடம் வந்தார். "ஒரு போட்டா எடுத்துத் தருவீகளா? எங்க வீட்டு வாசல்ல. நானும் மகளும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அழைத்தார். அப்பத்தாவின் அனுமதி பெற்றுப் போனோம். அக்கா தலைக்குக் குளித்து, ஈரம் காய வாரிப் பின்னி, நீலச் சேலையில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். மகள் பள்ளிச் சீருடையில், விடுமுறை நாளிலும், கழுத்துப்பட்டையோடு பக்கத்தில் நின்றாள். இருவரும் விறைப்பாகத்தான் இருந்தார்கள். கலைக்கண் கொண்டு பார்ப்பவர் இதை ஒரு சாதாரணப் படம் என்பார். ஆனால் அக்கா தம்மை எப்படிக் காண விரும்பினாரோ அப்படியே அதில் இருக்கிறார். தெருவைப் பெருக்குகிறவருக்கு ஒரு வீட்டு வாசலும், ஒரு நீலச் சேலையும், ஒரு மகளும் உண்டு என்பதை நாங்கள் தெருமுனையில் நின்று எத்தனை மாதம் எடுத்தாலும் அறிந்திருக்க மாட்டோம். இந்தப் படத்தை எல்லாரும் பார்க்கலாம் என்று அவரே சொன்னார். "பேரும் போடுங்க" என்றும் சொன்னார்.

பூக்கட்டும் பாட்டியின் விருப்பம் வேறுவிதமாக இருந்தது. கனகாம்பரமும் மல்லிகையும் கலந்து அவர் விரல்கள் தொடுக்கும் வேகத்தை எடுக்க நாங்கள் ஆசைப்பட்டோம். எடுத்தும் காட்டினோம். "கைய எடுத்து என்ன செய்யப் போறீக? எனக்குன்னு ஒரு போட்டா கெடையாது தாயி. ஆதார் அட்டையில இருக்கறது நாந்தானான்னு எனக்கே சந்தேகம்" என்றார். "நாளப்பின்ன செவுத்துல மாட்ட ஒரு நல்ல படம் புடிச்சுக் குடுங்க." சரி என்று, பூக்கூடையை மடியில் வைத்துக்கொள்ளும்படி சொன்னோம். அவர் கூடையை நகர்த்தி வைத்துவிட்டார். "பூ எதுக்கு? அது அன்னைக்குத் தானா வந்து விழும்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பையே எடுத்தோம். ஊரில் எல்லாருடைய படத்துக்கும் மாலை கட்டிக் கொடுத்தவரிடம் அவருடைய படம் ஒன்றும் இல்லாதிருந்தது என்பது எங்களுக்குப் பல நாள் மனத்தில் நின்றது.

டிசம்பர் வரை இருபது சனிக்கிழமைகள் நின்றோம். எழுநூற்றுச் சொச்சம் படங்களில் இருபத்துநான்கைத் தேர்ந்தெடுத்து அஞ்சலட்டை அளவில் அச்சிட்டோம். விதிப்படி முதல் பிரதிகள் வீடு வீடாகப் போயின. பிறகு கிறிஸ்துமஸ் விடுமுறையில், அப்பத்தா வீட்டுத் திண்ணையில் கொடிக்கயிறு கட்டி, துணி மாட்டும் கிளிப்புகளால் படங்களைத் தொங்கவிட்டோம். கண்காட்சி என்று பெரிய பெயர் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் கூட்டம் வந்தது. பால்காரர் தம் மனைவியை அழைத்துவந்து, தாம் காலையில் எங்கே போகிறோம் என்பதைக் காட்டினார். நடத்துநர், பேருந்து நிற்கும் ஐந்து நிமிடத்தில் ஓடிவந்து பார்த்துவிட்டு ஓடினார். தேநீர்க் கடை அண்ணன் தம் படத்தைவிட மற்றவர் படங்களையே அதிக நேரம் பார்த்தார். "இத்தன பேரும் என் கடையிலதான் டீ குடிக்கிறாக. ஒருத்தர ஒருத்தர் இப்பத்தான் பாக்குறாக" என்றார். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அக்காவும் வந்தார். அந்தச் சிறுமி எங்கள் கருவியை வாங்கி, கயிற்றில் தொங்கிய படங்களையும் அவற்றைப் பார்த்து நின்ற கூட்டத்தையும் ஒரு படம் எடுத்தாள். சற்றே சாய்ந்த படம். அதுவும் இப்போது எங்கள் தொகுப்பில் இருபத்தைந்தாவதாக இருக்கிறது.

இதைச் செய்ய விரும்பும் தங்கையருக்குச் சில சொற்கள். விலையுயர்ந்த கருவி வேண்டும் என்று காத்திராதீர்கள். வீட்டில் உள்ளது போதும். ஊர் முழுவதையும் எடுக்க நினையாதீர்கள். ஒரு தெரு, ஒரு வேளை, ஒரு கேள்வி போதும். தனியே போகாதீர்கள், பெற்றோருக்குத் தெரியாமல் போகவே போகாதீர்கள். சிறு குழந்தைகளை அவர்தம் பெற்றோரைக் கேளாமல் எடுக்காதீர்கள். படத்தின் பின்னால் தேதி, இடம், அவர் விரும்பினால் பெயர் ஆகியவற்றை அன்றைக்கே எழுதிவையுங்கள். எடுத்துக்கொண்டு மட்டும் வராதீர்கள். ஒரு பிரதி கொடுத்துவிட்டு வாருங்கள். "வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், அவர் அருகில் இன்னும் சிறிது காலம் இருங்கள். படம் கிடைக்காவிட்டாலும் ஓர் உறவு கிடைக்கும்.

எங்கள் தெரு இப்படியே இராது. அகலப்படுத்தப்போகிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். தேநீர்க் கடையின் ஓட்டுக் கூரை போய்விடலாம். நாங்களும் பொதுத்தேர்வு முடிந்து வெவ்வேறு பள்ளிகளுக்குப் போய்விடுவோம். ஆகவே மாமாவின் அனுமதியோடு, கருவியையும், முப்பத்தாறு என்ற கணக்கையும், மூன்று விதிகளையும் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஆத்தூர்த் தங்கையர் இருவரிடம் ஒப்படைத்திருக்கிறோம். அவர்கள் தேர்ந்தெடுத்திருக்கும் கேள்வி, "மாலையில் கடைசிப் பேருந்தில் இறங்குகிறவர்கள் யார்?" என்பது. அவர்களோடு துணைக்கு நிற்க அப்பத்தா இப்போதே சம்மதித்துவிட்டார். அணையின் படமும் ஒன்று எடுப்பார்களாம். ஆனால் அதில் மதகைத் திறக்கும் மனிதர் இருப்பாராம்.